வெட்டவெளியில் ஒரு வாசக்கால்

டேப்பை எந்த முனையில் பிடிப்பது, மனையின் மூலைகளை எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் உங்கள் கைப்பேசி சொல்லும். ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நான் அதே வேலையைப் பார்த்து ஓய்வுபெற்று, செவ்வாப்பேட்டையில் மின்சார ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் இருக்கிற சரக்கு வேறு. சுவரே இல்லாத இடத்தில் வாசக்கால் மட்டும் நின்றுகொண்டிருந்தால் என்ன எழுதுவீர்கள்? சிரிக்காதீர்கள். எனக்கு அப்படி ஒன்று வாய்த்தது.

முதலில் வரைபடம்தான் வந்தது. தேர்வாய் கண்டிகைக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஊரின் கடைசி மின்கம்பத்தைத் தாண்டி ஒரு மனை, அதில் புது வீடு கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம். விண்ணப்பித்தவள் பெயர் மோகனா. அவளுக்கும் அவள் கணவன் தணிகாசலத்துக்கும் தேர்வாய் கண்டிகையில் வேலை. ஆளுக்கொரு தொழிற்சாலை, ஆளுக்கொரு ஷிப்ட். ஒருவர் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது மற்றவர் இறங்குவார். சின்ன வீடுதான். ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. அந்தப் படுக்கையறைக்கு ஜன்னல் கிடையாது.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். வரைபடம் போட்டவரை போனில் பிடித்தேன். "இது பெட்ரூமா, நெல்லு கொட்டி வெக்கிற குதிரா?" என்று கேட்டேன். "நான் சொன்னா கேக்க மாட்டேங்குது மேடம். ஜன்னலே வேணாம்னு அந்தப் பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது," என்றார் அவர். மனிதர் படுக்கிற அறைக்குக் காற்றும் வெளிச்சமும் வர ஜன்னல் வேண்டும் என்பது விதி. யாரோ ஜோசியக்காரர் கிளப்பிவிட்ட வேலை என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் வைத்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டேன்.

அது திரும்பி வருவதற்குள் ஒரு புகைப்படம் வந்துவிட்டது. அதே மனை, அதில் மஞ்சள் குங்குமம் வைத்து மாவிலை கட்டிய வாசக்கால், அதற்குப் பின்னால் ஆளுயரத்துக்குச் செங்கல் சுவர். அனுமதி வாங்காமலே வீடு எழும்புகிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் அதிகாரிக்கே அனுப்பியிருந்தார். காலையில் நான் திருவள்ளூரில் ரயிலை விட்டு இறங்குவதற்குள் அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"படத்தப் பாத்தீங்களாம்மா? விண்ணப்பம் நம்ம கையில இருக்கு, அவுங்க வாசக்காலே வெச்சுட்டாங்க. நேரா அங்க போங்க. வேலை ஆரம்பிச்சிருந்தா நோட்டீஸக் குடுத்துட்டு விண்ணப்பத்த நிராகரிச்சுடுங்க. இன்னைக்கே எனக்கு ரிப்போர்ட் வேணும்."

பஸ் பிடித்து உட்கார்ந்தேன். ஊர் வருவதற்குள் மனசுக்குள் நோட்டீஸை எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டாயிற்று.

போய் இறங்கிப் பார்த்தால், பொட்டல் மனையில் வாசக்கால் தன்னந்தனியாக நிற்கிறது. செங்கல் சுவர் அதற்குப் பின்னால் நல்ல தூரம் தள்ளி, அடுத்த மனையில் இருக்கிறது. படம் எடுத்தவர் குனிந்து, கோணம் பார்த்து, இரண்டையும் ஒட்ட வைத்திருக்கிறார். கல்யாண போட்டோக்காரருக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது. இதற்காகத்தான் சொல்கிறேன்: படத்தைச் சுற்றி வர முடியாது, இடத்தைச் சுற்றி வர முடியும். எந்த மனைக்குப் போனாலும் நான் முதலில் பின்பக்கம் போய்விட்டுத்தான் முன்பக்கம் வருவேன். அன்றும் டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன்.

"யம்மா, வாசக்கால் இருக்க சொல்லோ அந்தாண்ட எங்க போறே?"

திரும்பினால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு அம்மா. மோகனாவின் மாமியார் கன்னியம்மா. அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவருக்குப் போன் எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"இப்டி வா. சோத்தாங்கால எடுத்து வெச்சு வா."

சுற்றிலும் திறந்த வெளி. ஓர் ஆடு தன் பாட்டுக்கு நாலாபக்கமும் போய் வந்துகொண்டிருக்கிறது. நான் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து, சுவரில்லாத வாசல் வழியாக, கூரையில்லாத வீட்டுக்குள் போனேன். உள்ளே போனதும் வெயில் கொஞ்சமும் குறையவில்லை.

தணிகாசலம் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். மோகனா அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து இறங்கியிருந்தாள். கம்பெனி சட்டை, தோளில் டிபன் பை, கண் இரண்டும் மிளகாய்ப் பழம். வாசக்காலின் ஒரு பக்கச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு, நாங்கள் பேசுவதைத் தூரத்தில் நடக்கிற கதையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அனுமதி வர்றதுக்கு முன்னாடி இத்த ஏன் நட்டீங்க?" என்றேன்.

"வாஸ்து பகவான் கண்ணு முழிச்சாரு, நட்டோம்."

உங்களில் பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வாஸ்து பகவான் வருஷம் முழுக்கத் தூங்குகிறவர். சில மாதங்களில் ஒரு நாள், கொஞ்ச நேரம் மட்டும் விழிப்பார். மனைக்குப் பூஜை போட அதுதான் நேரம். பூஜை போட்டால் நமக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. தேங்காய் உடைப்பதற்கு எந்த ஆபீஸும் அனுமதி கேட்பதில்லை. வாசக்கால் அப்புறம், அடித்தளமெல்லாம் போட்ட பிறகு வைப்பது. கன்னியம்மாவோ, ஆசாரி வாசக்காலைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார், நல்ல நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது, எதற்கு வீணாக்குவது என்று பூஜையோடு பூஜையாக அதையும் நட்டுவிட்டார்.

"அடுத்த வாஸ்து நாளு ஆடியில வருது. ஆடியில எவனாவது ஊடு ஆரம்பிப்பானா? அத்த உட்டா ஆவணிதான். அதுக்குள்ளயாவது உங்க ஆபீஸு முழிக்குமா இன்னான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

சட்டத்தில் சாய்ந்திருந்த மோகனா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "அவரு வருசம் பூரா தூங்குறாரு, ஊரே காத்துக்கினு இருக்குது. நான் நைட்டு முடிச்சுட்டு வந்து செத்த நேரம் கண்ண மூடுனா, பொழுதுக்கும் தூங்குறான்னு பேரு."

"இப்ப இத்த யாரு கேட்டாங்க?" என்றார் கன்னியம்மா.

தணிகாசலம் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், மெதுவாகச் சொன்னான். அப்பா வீட்டில் மூன்று குடும்பம். பகலெல்லாம் டிவி, மிக்ஸி, பிள்ளைகள், வந்து போகிற சொந்தம். மோகனா தூங்குவதே இல்லை. போன மாதம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் சொக்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் இழுத்திருக்காவிட்டால் கை போயிருக்கும். இன்னொரு தடவை தூங்கினால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அதுக்குத்தான் மேடம் ஊருக்கு வெளிய எடம் பாத்தோம். ஒரு ரூமு, இருட்டா இருக்கணும், சத்தம் வரக்கூடாது. அது கேக்குறது அவ்ளோதான். இந்த விண்ணப்பம் தள்ளிப்போச்சுன்னா பேங்க்ல லோனும் போயிடும். அதுக்கப்புறம் எப்ப கட்டுறதோ."

ஜன்னல் ஏன் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தப் பகுதியில் ஊருக்கு ஊர் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் போடும் வரைபடங்களோ, எல்லோரும் ராத்திரியில் தூங்குகிறார்கள் என்று நினைத்துப் போட்டவை. பஸ்ஸில் மனசுக்குள் எழுதின நோட்டீஸ் லேசாக உறுத்த ஆரம்பித்தது.

ஆனால் உறுத்துகிறது என்பதற்காக எதையும் எழுதிவிட முடியாது. டேப் போட்டேன். வாசக்கால் நின்ற இடம், வீட்டுக்கு முன்னால் விட வேண்டிய காலியிடத்துக்குள் இருந்தது. இதைக் கட்டுமானம் என்று எடுத்துக்கொண்டால், அனுமதியில்லாமல் ஆரம்பித்தது ஒரு தப்பு, ஆரம்பித்த இடமும் தப்பு. இரண்டாவது தடவையாக அதிகாரி போனில் வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? வாசக்கால் நிக்குதா இல்லையா?"

"நிக்குது சார்."

"அப்ப ஆரம்பிச்சுட்டாங்க. எழுதிடுங்க."

"இன்னும் பாத்துக்கினு இருக்கேன் சார்."

"வாசக்கால இன்னாம்மா இவ்ளோ நேரமா பாக்குறீங்க?" என்று வைத்துவிட்டார்.

நான் போனை வைக்கக் காத்திருந்ததுபோல் கன்னியம்மா ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலும் ஒரு சொம்பில் மோரும் கொண்டுவந்தார். வேலைக்குப் போன இடத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைப்பதில்லை என்பது என் கொள்கை. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டம்ளர் மோர் பின்னால் எத்தனை பேர் வாயில் எப்படியெல்லாம் திரியும் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றேன்.

"ஊட்டுக்கு வந்தவுங்க வெறும் வயித்தோட போறதா?"

"ஊடு எங்கக்கா இருக்குது?"

"இன்னாம்மா இப்டிக் கேக்குறே? வாசக்கால் வெச்சாச்சுன்னா அது ஊடுதான். நீ இப்ப நிக்கிறது ஹாலு."

"யம்மா, செத்த சும்மா இரேன். மேடம் எழுதிடப் போறாங்க," என்றான் தணிகாசலம்.

"எழுதட்டும். நல்லா எழுதட்டும். ஊட்ட ஊடுன்னு சொல்றதுக்கு எனக்கு இன்னா பயமா?"

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இது வீடு இல்லை என்று நேர்மையாக எழுத ஏதாவது வழி இருக்கிறதா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். யாருக்காகத் தேடுகிறேனோ அந்த வீட்டு அம்மா, இது வீடுதான் என்று என்னோடு சண்டை போடுகிறார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பேஜாரு எனக்கு வந்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசக்கால் நிற்கிறதா என்பதல்ல கேள்வி, எதன் மேல் நிற்கிறது என்பதுதான். குனிந்து அடியைப் பார்க்கலாம் என்று புடவையைச் செருகினேன். குனிவதற்குள் பதில் தானாக வந்துவிட்டது. மோகனா நின்றபடியே தூங்கிப்போய், முழுப் பாரத்தையும் சட்டத்தின் மேல் போட்டுவிட்டாள். வாசக்கால் மாவிலையோடு மெதுவாகச் சாய்ந்தது. நான் ஒரு பக்கம் பாய்ந்து பிடித்தேன். தணிகாசலம் ஒரு கையால் மனைவியையும் ஒரு கையால் மரத்தையும் பிடித்தான். கன்னியம்மா போட்ட சத்தத்தில் ஆடு ஓடியே போயிற்று.

பள்ளத்தைப் பார்த்தேன். மண்ணைக் கொட்டி, செங்கல் துண்டுகளைச் சொருகி மிதித்திருந்தார்கள். சிமென்ட் இல்லை, ஜல்லி இல்லை, அடித்தளம் என்று எதுவுமே இல்லை. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதில் இருக்கிற வேலைகூட அதில் இல்லை. இது கட்டுமானம் இல்லை, ஊன்றி வைத்த மரம். என் மனசாட்சிக்கு அது போதும். ஆனால் நான் எழுதிவிட்டுப் போன பிறகும் இது இங்கேயே நின்றால், நாளைக்கு இன்னொரு படம் வரும். அதனால் மரத்தைப் பிடித்தபடியே பேச்சை ஆரம்பித்தேன்.

"யக்கா, நான் கைய உட்டா இது உழுந்துடும். உழுந்தா நல்லாவா இருக்கும்?"

"வாயக் கழுவும்மா."

"அப்ப எடுத்துப் படுக்க வெச்சுடலாமா?"

"நட்ட வாசக்கால எவளாவது புடுங்குவாளா? குடும்பம் வெளங்குமா?"

"யாரு புடுங்கச் சொன்னாங்க? வாஸ்து பகவான் முழிச்சாரு, பூஜைய வாங்கிக்கினாரு, திரும்பப் படுத்துட்டாரு. சாமியே தூங்கப் போயிட்டாரு, அவரு வாசக்கால் மட்டும் வெயில்ல நின்னுக்கினு கெடக்கணுமா? அதுவும் தூங்கட்டும். அனுமதி வந்ததும் நல்ல நாள் பாத்து எழுப்பிக்கலாம்."

கன்னியம்மா என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். எனக்குக் கை கடுத்துக்கொண்டிருந்தது.

"கெழக்கால தல வெச்சுப் படுக்க வெக்கணும்," என்றார் கடைசியில். அடுத்த நிமிஷம், இது அவர் யோசனை என்பதுபோல் மகனை விரட்ட ஆரம்பித்துவிட்டார். வாசக்கால் ஒரு வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, தணிகாசலமும் ஊருக்குள்ளிருந்து கூப்பிட்டு வந்த அவன் அண்ணனும் தூக்க, மரியாதையாக ஊருக்குள் போயிற்று. நானும் பின்னால் போனேன். என் கண்ணெதிரே எடுத்தார்கள் என்று எழுத வேண்டுமென்றால், அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டுமில்லையா?

மூன்று குடும்பம் இருக்கிற வீட்டில் வாசக்கால் படுக்க இடம் ஏது? கடைசியில் நெல் மூட்டை வைக்கும் சின்ன அறைதான் கிடைத்தது. அங்கே ஒரு பாய் விரித்திருந்தது. சுவரில் இருந்த ஒரே காற்றுத் துவாரத்தையும் கம்பெனி அட்டைப்பெட்டியைக் கிழித்து அடைத்திருந்தார்கள். தலையணைக்குப் பக்கத்தில் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு. மோகனா பகலில் படுக்கிற இடம் அதுதான். பாயைச் சுருட்டிவிட்டு அந்த இடத்தில் வாசக்காலைக் கிடத்தினார்கள்.

"அதுக்காவது படுக்க எடம் கெடச்சுதே," என்று மோகனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதன் கீழ்ச்சட்டத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே சரிந்து, மாவிலைத் தோரணத்தில் தலை வைத்துத் தூங்கிப் போய்விட்டாள்.

வாசப்படியில் உட்காரவே கூடாது என்கிற குடும்பம் அது. அதில் படுப்பதென்றால் கேட்க வேண்டாம். கன்னியம்மா வாயைத் திறந்தார். நானும் தணிகாசலமும் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. ஆனால் சத்தம் வரவில்லை. மருமகளின் காலில் இன்னும் கம்பெனி ஷூ இருந்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். வாசக்கால் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை இழுத்து அவள் மேல் போட்டார்.

பிறகு வெளியே வந்தார். "அந்த டிவிய நிறுத்துங்கடா. ஒரு பொண்ணு தூங்குது, இன்னா சத்தம்?" என்று அவர் கத்தியதில் தெருவே அமைதியாயிற்று. உள்ளே மோகனா மட்டும் எழுந்திருக்கவில்லை.

கண்டதைக் கண்டபடி எழுதினேன். அடித்தளம் இல்லாமல் மரச்சட்டம் ஊன்றப்பட்டிருந்தது, என் முன்னிலையில் அகற்றப்பட்டது, கட்டுமானம் தொடங்கவில்லை. பள்ளத்தைப் படம் எடுத்து வைத்தேன், மனையைப் பின்பக்கத்திலிருந்தும் எடுத்து வைத்தேன். அடுத்த மனைக்காரர்தான் குனிந்து நின்று படம் எடுத்தவர் என்று தணிகாசலம் வழியில் சொல்லியிருந்தான். படத்தில் தெரிகிற சுவர் யாருடையது என்று அதிகாரி கேட்டார். "அது படம் அனுப்புனவரோட சுவர் சார். அதுக்கு நம்மகிட்ட அனுமதி வாங்கியிருக்காரான்னு தேடிக்கினு இருக்கேன்," என்றேன். அதிகாரி சிரித்த சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

ஜன்னல் விஷயத்தில் நான் இறங்கவில்லை. தணிகாசலத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "சட்டம் ஜன்னல் கேக்குதுப்பா. அத்த பகல்ல தொறந்து வெக்கச் சொல்லி கேக்கல. தெருப் பக்கம் வேணாம், வடக்கால வயலப் பாத்து வெய்யி. கெட்டியா ரெட்டைக் கதவு போடு. நைட்டு ரெண்டு பேரும் ஊட்ல இருக்கிற அன்னைக்குத் தொறந்து காத்து வாங்கு." வரைபடம் திருத்தி வந்தது. விதி கேட்பதை விதியில் படித்துக்கொள்ளலாம். மோகனா கேட்டது எந்த விண்ணப்பத்திலும் இல்லை. அதற்கு அந்த நெல் மூட்டை அறைவரை நடக்க வேண்டியிருந்தது.

அனுமதி ஆனியிலேயே அவர்கள் கைக்குப் போய்விட்டது. ஆடி கழியட்டும் என்று ஆவணிவரை காத்திருந்தது கன்னியம்மாதான். ஆகவே அரசு அலுவலகத்தில்தான் தாமதம் என்று யாராவது சொன்னால் எனக்குப் போன் போட்டுக் கொடுங்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தார்கள், போக முடியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, இனி யார் வீட்டிலும் மோர் குடிக்கலாம் என்கிற தைரியத்தில், ஒரு நாள் முற்பகலில் பஸ் ஏறிப் போனேன். அதே வாசக்கால், இப்போது சுவருக்கு நடுவில், கூரைக்குக் கீழே, சரியான இடத்தில் நின்றது. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் குச்சியோடு கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "யக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தேன்.

வாயில் விரலை வைத்தார்.

"கத்தாதம்மா. மருமவ தூங்குது." அந்த அம்மாவுக்குக் கிசுகிசுக்கவும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மீன் வண்டிக்காரர் தெருமுனையில் மைக்கைப் போட்டதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே குச்சியை ஆட்டினார். வண்டிக்காரர் மைக்கை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மோர் வந்தது. முழுச் சொம்பையும் குடித்தேன். பிறகு வீட்டைப் பார்க்கலாம் என்று செருப்பைக் கழற்றி, அவர் கற்றுக்கொடுத்தபடியே வலது காலைத் தூக்கினேன். குச்சி குறுக்கே வந்தது.

"அப்பறம் வா. முழிச்சதும் வா."

வீடே இல்லாதபோது வாசக்கால் வழியாகத்தான் வர வேண்டும் என்று என்னோடு சண்டை போட்டவர், வீடு வந்த பிறகு அதைத் தாண்டவே விடவில்லை. கட்டிய வீட்டைப் பார்க்காமல் திரும்பினால் எனக்குச் சோறு இறங்காது. வழக்கப்படி பின்பக்கம் போனேன், இந்தத் தடவை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. வடக்குச் சுவரில், வயலைப் பார்த்து, ரெட்டைக் கதவு போட்ட ஜன்னல் இருந்தது. நடுப்பகலில் இறுக்கமாகச் சாத்தியிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே லேசான குறட்டை. ஓய்வுபெற்ற பிறகு நான் செய்த ஒரே ஆய்வு அதுதான், எல்லாம் சரியாக இருந்தது, சத்தம் போடாமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.